மூட்டை ஏறும் பலகை

இன்று நைலக்ஸ் சேலை வாங்கப் பெரிய கடைவீதிக்குப் போயிருந்தேன். சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் எனக்கு நடக்க வராது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிதான்.

கடை வாசலில் உயரமான படிகள். வழக்கம்போல் முதலாளி பாய் நாலைந்து சேலைகளைத் தெருவுக்கே கொண்டுவந்து விரித்தார். நான் இதுவரை கட்டிய சேலையெல்லாம் இப்படி அடுத்தவர் பொறுக்கி எடுத்ததுதான்.

அப்போது ஜவுளி மூட்டைகளோடு ஒரு கைவண்டி வந்தது. ஆட்கள் அதே கடையின் பக்கவாட்டு வாசலில் சாய்வாக ஒரு பலகையைப் போட்டு வண்டியை உள்ளே தள்ளிவிட்டார்கள்.

"பாய், அதுல நான் ஏறலாமா?" என்று கேட்டேன்.

"அது மூட்டைக்குப் போட்டதும்மா."

"மூட்டைய விடவா நான் கனம்?"

அவர் பலகையைப் பார்த்தார், என் வண்டியைப் பார்த்தார். பிறகு ஆட்களிடம், "பின்னால கெட்டியா புடிச்சுக்குங்கப்பா" என்றார்.

பலகை முனகியது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

கூரை வரை அலமாரிகள். ஆளுயரக் கண்ணாடி. மேல்தட்டில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை. அதைத்தான் எடுத்தேன்.

"இந்த மாதிரி கலரெல்லாம் உங்களுக்குப் பிடிக்காதுன்னு நானா நினைச்சுக்கிட்டேங்க" என்றார் பாய்.

நாளை தபால் ஆபீசுக்குப் போக வேண்டும். அங்கேயும் படிகள்தான். தபால் மூட்டைகள் எந்த வழியாக உள்ளே போகின்றன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.