காப்பு கட்டிய பிறகு வந்த அழைப்பு

எங்கள் ஊர் பாடாலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மாரியம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால், தேர் நிலைக்கு வரும்வரை ஊரார் யாரும் எல்லைக்கு வெளியே இராத்தங்கக் கூடாது. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நான் அதை மீறியதில்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூடப் பகலில் போய்ப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பியிருக்கிறேன். அம்மன் பேரில் எனக்கு அவ்வளவு பயம், அவ்வளவு பிரியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, சாமி இல்லை என்கிறவள் எழுதியது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் மகள் கால்பந்து ஆடுகிறாள். பள்ளிக்கூடத்து ஆட்டமில்லை, கிளப்பில் சம்பளத்துக்கு ஆடுகிறாள். ஒரு வருஷம் கேரளம், ஒரு வருஷம் ஒடிசா என்று ஒப்பந்தம் போட்டு எடுப்பார்கள். சீசன் முடிந்தால் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். எதிரணிக்காரியைத் தாண்ட விடாமல் நிறுத்துவது அவள் வேலை. போன வருஷம் முட்டியில் அடிபட்டு ஆபரேஷன் ஆனது. எந்தக் கிளப்பும் எடுக்கவில்லை. தேறி எழுந்ததிலிருந்து கரும்புக்காட்டு வண்டிப்பாதையில் ஓடினாள். எறையூர் மில்லுக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டர்காரர்கள் எல்லாரும் அவளைப் பார்த்து டாக்டர் ஆகிவிட்டார்கள். ஒருவர் முட்டிக்கு விளக்கெண்ணெய் என்றார். இன்னொருவர் கல்யாணம் என்றார்.

நான் மாமா என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் திருவிழாக் கமிட்டித் தலைவர். மகள் முதன்முதலில் அரை டவுசரோடு கோவில் வாசலைக் கடந்து ஓடியபோது பஞ்சாயத்து கூட்டியவர். அவள் டிவியில் வந்த அன்றைக்கே அவருக்குக் கண் தெளிந்துவிட்டது. இந்தத் திருவிழாவுக்கு பஸ் நிறுத்தத்தில் 'மண்ணின் மகளை வாழ்த்துகிறோம்' என்று பிளக்ஸ் வைத்தார். வாழ்த்துகிறவர் படம் ஆள் உயரம். வாழ்த்தப்படுகிறவள் படம் தாம்பாளம் அளவு. அதிலும் தொடை தெரியக் கூடாதென்று, இடுப்புக்குக் கீழே பட்டுப்பாவாடை ஒட்டச் சொல்லியிருக்கிறார். பட்டுப்பாவாடையோடு என் மகள் பந்தை உதைக்கிறாள். பந்தில் பாதி பாவாடைக்குள் போய்விட்டது. மகள் நின்று பார்த்தாள்.

"இந்த டிரெஸ்ல ஆடுனா ஒருத்தியும் என்னயத் தாண்டிப் போவ முடியாதும்மா," என்று மட்டும் சொன்னாள்.

காப்பு கட்டின மறுநாள் போன் வந்தது. கர்நாடகத்துக் கிளப். அவர்களுடைய ஆள் ஒருத்திக்குக் காலில் அடியாம். இவள் உடனே வந்து டாக்டரிடம் முட்டியைக் காட்டி, மைதானத்தில் ஆடிக் காட்டினால் இந்த சீசனுக்கு எடுத்துக்கொள்வார்கள். வராவிட்டால் வேறு பெண். இரண்டாவது வருஷமும் ஆடாதவளை எந்தக் கிளப்பும் திரும்பிப் பார்க்காது.

"இப்பப் போவலன்னா இதோட முடிஞ்சுதும்மா," என்றாள். அழவில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு கோவில் பந்தலுக்குப் போனேன். கமிட்டிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கேட்டுவிட்டு, அம்மன் கட்டளையை மீறினால் மழை பொய்க்கும், ஊரில் அம்மை போடும் என்று வரிசையாகச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அத்தோடு விட்டிருந்தால் நான் திரும்பியிருப்பேன். தேரன்று சேர்மன் வருகிறார், மேடையில் இவள் இருப்பாள் என்று வாக்குக் கொடுத்தாயிற்று, நோட்டீஸும் அடித்தாயிற்று என்று அவரே தொடர்ந்து சொன்னார். அம்மை போடும் என்றது சேர்மனுக்காக என்று தெரிந்ததும் என் பயம் போய்விட்டது.

அண்ணனுடைய மகன் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்ட் பார்க்கிறான். வருஷா வருஷம் காப்பு கட்டியும் எல்லை தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தான். அதற்கு எங்கள் ஊரில் வழி உண்டு. அம்மன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழத்தைப் பூசாரி கொடுப்பார். அதை வைத்துக்கொண்டு போய் வரலாம். பிழைப்புக்குப் போகிறவர்களை ஆத்தா கோபிப்பதில்லை.

"எம் மவளுக்கும் ஒரு பழம் குடுக்கச் சொல்லுங்க மாமா," என்றேன்.

"அது வேலைக்குப் போறவங்களுக்கும்மா. இது வெளையாட்டு."

"சம்பளத்துக்குத்தான் போறா."

"பந்த எட்டி ஒதைக்கிறது ஒரு வேலையா?" என்றார். கமிட்டி சிரித்தது.

"ஒங்க வூட்டுத் தம்பி ஆலையில என்ன வேல பாக்குதுங்க மாமா?"

"கேமரா ரூம்ல ஒக்காந்து டிவியப் பாக்கணும். பொறுப்பான வேல."

"ஒக்காந்து டிவி பாக்குறது வேலைன்னா, டிவிக்குள்ள ஓடுறது வேலையில்லீங்களா?"

கமிட்டி மறுபடி சிரித்தது, இந்தத் தடவை வேறு பக்கம் பார்த்து. பந்தல் ஓரத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த பூசாரி எழுந்து வந்தார். மகளைப் பார்த்து, நைட் ஷிப்டா பகல் ஷிப்டா என்று நிஜமாகவே விசாரித்தார். ஆட்டமெல்லாம் சாயங்காலம் என்றாள். உள்ளே போய்ப் பழம் எடுத்து வந்தார்.

"பொட்டப்புள்ளைக்கு இதுவரைக்கும் குடுத்ததில்லையே," என்றார் அண்ணன்.

"யாரும் வந்து கேட்டதில்லீங்க," என்று சொல்லிப் பூசாரி அவள் கையில் வைத்தார்.

அன்று சாயங்காலமே திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வாய் பேசிவிட்டதே தவிர, வீட்டுக்கு வந்து விளக்கேற்றியபோது பயம் திரும்பிவிட்டது. குற்றமிருந்தால் என்னைக் கேள் ஆத்தா, அவள் காலை விட்டுவிடு என்று சொல்லித்தான் படுத்தேன்.

தேரன்று அண்ணன் மைக்கில் பேசினார். விழாக் கமிட்டியின் சிறப்பு அனுமதி பெற்று எங்கள் வீட்டுப் பெண் நாட்டுக்காக ஆடப் போயிருக்கிறாள் என்றார். கிளப் நாடாகிவிட்டது, மறுத்தவர் அனுமதித்தவர் ஆகிவிட்டார். என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். சேர்மன் மரியாதையாக, பாப்பா கபடியில் எந்த இடம் ஆடுகிறாள் என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. மகள்தான். அண்ணன் சட்டென்று மைக்கை என் போன் பக்கம் நீட்டினார். நான் இறங்கிச் சன்னதி ஓரமாக வந்துவிட்டேன்.

"எடுத்துக்கிட்டாங்கம்மா. ஒரு சீசனுக்கு."

"முட்டிய டாக்டரு பாத்தாரா?"

"பாத்தாரு. சரியாயிருக்குன்னுட்டாரு."

வலித்தால் மறைக்காதே, உடனே சொல்லிவிடு என்றேன்.

"மறைச்சாத்தாம்மா ஆட விடுவாங்க," என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. உள்ளே போய், அந்த ஒரு முட்டிக்கென்று தனியாக வேண்டிக்கொண்டு வந்தேன்.