நொட்டையார் ஜபித்த பொறுமை மந்திரம்

மூக்குக் கண்ணாடிக்கு வில்லை செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு இருபத்தாறு வருடச் சர்வீஸ். குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. கறுப்புத் துணி விரித்த மேசை, அதற்கு மேலே ஒரு வெள்ளை விளக்கு. வில்லையை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். கீறலோ, குமிழியோ, பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தூசியோ எது கண்ணில் பட்டாலும் சிவப்புப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு இடது பக்கத் தட்டில் வைத்துவிடுவார். வில்லைகளைத் தேய்த்து மெருகேற்றி அனுப்பும் பெண்கள் அவருக்கு நொட்டையார் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் அவர் காதுக்கும் எட்டியது. கேலி செய்கிறவர்கள் எதற்கு மரியாதை விகுதி சேர்த்தார்கள் என்று அதிலும் ஒரு நொட்டை சொன்னார்.

சம்பளத்துக்குச் செய்யும் வேலையைத் தொழிற்சாலை வாசலோடு விட்டுவிட்டு வந்திருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. அவரோ வீட்டுக்கும் கொண்டுவந்தார். உள்ளே நுழைந்ததும் கால்மிதி கோணல், நாற்காலி இடம் மாறியிருக்கிறது, ஜன்னல் கண்ணாடியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுப்பவள். தண்ணீர் வரவில்லை, வந்தாலும் கலங்கல், கலங்கல் தெளிந்தால் மண் வாடை என்று ஊர்க்குறை முழுவதையும் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அங்கே வரிசை எண் இல்லாத ஒரு புகார்தாரர் காத்திருப்பார். அலுவலகத்திலாவது போனைக் கீழே வைக்கலாம் என்று மகளிடம் அவள் அடிக்கடி சொல்வதுண்டு.

போன வருடம் அவளுக்குப் பித்தப்பையில் கல் வந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்து கண் விழித்தவள் கட்டிலருகே கணவரைப் பார்த்தாள். அவர் அப்போதுதான், கட்டு மாற்ற வந்த நர்ஸின் தோளுக்கு மேலாகக் காயத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கலாம்.

"தையல் கொஞ்சம் கோணலா இருக்கு," என்றார்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் அதில் நாலு பிழை கண்டுபிடித்திருப்பார். பேசாமல் இருப்பவளிடம் எதைத் திருத்துவது? இரண்டாவது வாரம் மனிதர் நிஜமாகவே பயந்துபோனார்.

மனைவியின் தம்பி மெத்தைக் கடை வைத்திருப்பவன். அக்காவின் மௌனத்தை அவனாலும் தாங்க முடியவில்லை. அவன்தான் அவரை மந்திர வகுப்புக்கு அழைத்துப் போனான். டயர் கடைக்கு மேல்மாடியில், ஞாயிறு காலைகளில் நடக்கும் வகுப்பு. நடத்துகிறவர் முன்பு உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தவர். முழங்கால் தேய்ந்ததும் உடம்பை விட்டுவிட்டு மனத்துக்கு வந்துவிட்டார். 'மாஸ்டர்' என்ற பட்டம் மட்டும் அப்படியே கூட வந்திருந்தது.

மாஸ்டர் விளக்கினார். நம் குணமெல்லாம் நாம் நினைப்பதுபோல் நம்முடையதல்ல. உள்ளே படிந்துபோன பழைய பதிவுகள், பூர்வ வாசனைகள். சமஸ்கிருத மந்திரத்துக்கு ஒரு தனி அதிர்வு உண்டு. ஒரே மந்திரத்தை விடாமல் சொன்னால் பழைய பதிவு அழிந்து புதியது உட்காரும். மனசும் ஒரு தசைதான், பத்துத் தடவை தூக்கினால் ஏறாது, லட்சம் தடவை தூக்க வேண்டும் என்றார். குறை சொல்லும் வியாதிக்கு அவர் எழுதிக் கொடுத்தது, 'ஓம் க்ஷமாயை நமஹ'. பொறுமைக்கு வணக்கம் என்று பொருள். ஒரு லட்சத்து எட்டாயிரம் தடவை, நாற்பது நாளில்.

நொட்டையார் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார். நாளைக்கு இரண்டாயிரத்து எழுநூறு. மறுநாளே, கட்டைவிரலால் அழுத்தினால் ஒவ்வொன்றாக எண் ஏறும் கருவி ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மனைவியிடம் நேரே சொல்ல முடியாததால் மகளிடம் உரக்கச் சொன்னார், அடுக்களைக்குக் கேட்கட்டும் என்று: தன்னுடைய பூர்வ வாசனையை மாற்றப் போவதாக.

பத்தொன்பது நாளுக்குப் பிறகு மனைவி வாய் திறந்தாள்.

"முதல்ல அந்த சாக்ஸ் வாசனைய மாத்தச் சொல்லு," என்றாள் மகளிடம்.

எப்படியோ பேச்சு வந்துவிட்டது. மந்திரம் பலிக்க ஆரம்பித்துவிட்டது என்றே அவர் நம்பினார். இன்னும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதை மறந்துபோனார்.

வகுப்பில் இருபத்தொரு பேர். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதே மந்திரத்தைச் சொன்னார்கள். நொட்டையார் கண்ணை மூடினாலும் காது மூடவில்லை. ஒருவர் 'சமாயை' என்றார், இன்னொருவர் 'கமாயை' என்றார். மைத்துனன் ஒரு படி மேலே போய் 'கிழமாயை நமஹ' என்று கிழட்டு மாயைக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தான். நொட்டையாருக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார். பொறுமைக்காக வந்த இடத்தில் முதல் நாளே பொறுமை போனால் நன்றாகவா இருக்கும்?

இரண்டு வாரம் கழித்து மாஸ்டர் ஓர் உபாயம் சொல்லிக் கொடுத்தார். குறை சொல்ல நாக்கு எழும்போதெல்லாம் அந்த இடத்தில் மந்திரத்தை வைத்து அடைத்துவிட வேண்டும். நொட்டையார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. அன்று முதல் அவர் வாயிலிருந்து ஒரு குறைகூட வரவில்லை.

மந்திரம்தான் வந்தது. கோணலான கால்மிதியைப் பார்த்தார், 'ஓம் க்ஷமாயை நமஹ.' மகள் தலை வாரிக்கொண்டு வந்தாள், 'ஓம் க்ஷமாயை நமஹ.' மனைவி தட்டு வைத்தாள், அவர் அதை ஒரு கணம் பார்த்தார், கண்ணை மூடினார், 'ஓம் க்ஷமாயை நமஹ.' முன்பெல்லாம் தட்டில் ஈரம் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடுவார். துடைத்துக் கொடுத்தால் தீர்ந்தது. இப்போது மந்திரம் கேட்டதும் தட்டா, கரண்டியா, மேசையா, இல்லை தன் முகமேதானா என்று அவள் தேட வேண்டியிருந்தது. புகார் இருக்கிறது, விவரம் இல்லை. இப்படி ஒரு போனை அலுவலகத்தில் தான் எடுத்ததே இல்லை என்று தம்பியிடம் சொல்லி அலுத்துக்கொண்டாள். தொழிற்சாலையில் பெண்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். அவர் 'ஓம்' என்று ஆரம்பித்தாலே மெருகேற்றுபவள் கையை நீட்டி வில்லையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

முப்பத்திரண்டாம் நாள் மகள் ஒருவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவன் மின்தூக்கி பழுது பார்ப்பவன். அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். பையன் நல்லவன், கொஞ்சம் பயந்தவன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான், மந்திரம். தேநீரை உறிஞ்சிக் குடித்தான்; மந்திரம். தன் வேலையைப் பற்றிச் சொன்னான், ஒரு வாக்கியத்தை மூன்று இடத்தில் பாதியில் விட்டான், மூன்று மந்திரம். ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பும்போது, அப்பா ரொம்பப் பக்திமான் போலிருக்கிறது, இந்தக் காலத்தில் இப்படி ஒருவரைப் பார்ப்பது அபூர்வம் என்று வாசலில் நின்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனான்.

மகள் உள்ளே வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"முப்பத்தோரு தடவை சொன்னீங்கப்பா. எண்ணிக்கிட்டே இருந்தேன். அவர்கிட்ட என்னென்ன குறைன்னு தமிழ்லயே சொல்லிடுங்க, கேட்டுக்கறேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்துப் பார்த்தார்.

"இருபத்தொம்பதுதான்," என்றார்.

மகள் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அது அவருக்கு அதிகமாக வலித்தது. எண்பத்தாறாயிரத்துச் சொச்சம் தடவை பொறுமையைக் கும்பிட்டிருக்கிறோம், பெற்ற பெண்ணின் முகம் வாடியபோது வாயில் வந்தது எண்ணிக்கைத் திருத்தமா என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. அந்தப் பையனிடம் அப்படி என்ன குறை என்று யோசித்துப் பார்த்தார். உருப்படியாக ஒன்றும் தேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வகுப்புக்குப் போனார். வாசனை அழியவில்லை மாஸ்டர், அது வேஷம் மாற்றிக்கொண்டு இன்னும் மோசமாக வருகிறது, வேறு வழி சொல்லுங்கள் என்று மனம் விட்டுக் கேட்பதாகத்தான் எண்ணம். ஆனால் அவர் வாய் திறப்பதற்குள் மற்றவர்களும் வந்து சேர்ந்துவிட, மாஸ்டர் ஜபத்தைத் தொடங்கிவிட்டார். அன்றைக்கு ஒலிபெருக்கி வேறு புதிது. நொட்டையாரின் காதுக்கு அரை முழத்தில் 'ஓம் சமாயை நமஹ' என்று முழங்கியது. ஒரு தடவை, பத்துத் தடவை, நாற்பது தடவை. நாற்பத்தொன்றாவதில் அவர் கை தானாக உயர்ந்தது.

"மாஸ்டர், அது 'க்ஷமா'. க்ஷமான்னாதான் பொறுமை. 'சமா'ன்னா வேற. இத்தன நாளா எல்லாரும் வேற யாருக்கோ வணக்கம் சொல்லிட்டிருக்கோம்."

இருபது ஜோடிக் கண்கள் திறந்தன. முப்பது வருடம் இரும்பு தூக்கிய கழுத்து சிவந்தது. எழுத்தில் என்ன இருக்கிறது, அதிர்வுதான் முக்கியம் என்றார் மாஸ்டர். அதிர்வே எழுத்திலிருந்துதானே வருகிறது, போன வாரம் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று நொட்டையார் தேதியோடு எடுத்துக் கொடுத்தார்.

"எனக்கே பாடம் எடுக்கறியா? எந்திரிச்சுக் கீழ போய்யா!" என்று மாஸ்டர் ஒலிபெருக்கியிலேயே கத்தினார். கீழே டயர் கடையில் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒளிக்காமல் மனைவியிடம் சொன்னார். பொறுமை வகுப்பிலிருந்து பொறுமை இல்லாத காரணத்துக்காக, பொறுமை இழந்த ஒருவரால் துரத்தப்பட்டதை அவள் மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் தழும்பு இழுத்தது போலும், கையை அங்கே வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்குத் தையல் நேராத்தான் இருந்துச்சு," என்றார் கடைசியில்.

"பொய் சொல்லாதீங்க. கோணல்தான். நானே கண்ணாடில பாத்தேன்."

அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் சமாதானப் பொய்க்கு அந்த மரியாதைதான் கிடைத்தது. ஆனால் அன்று மாலை அவளே அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மைத்துனன் வகுப்பை விடவில்லை. கிழமாயைக்கு லட்சத்து எட்டாயிரம் வணக்கம் வைத்து முடித்தான். அதற்குப் பிறகு மெத்தைக் கடையில் வாடிக்கையாளர்களிடம் அவன் எரிந்து விழுவதில்லை. நாலு மெத்தையில் புரண்டு பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைக்கூடச் சிரித்துத்தான் அனுப்புகிறான். தப்பான எழுத்து எப்படிப் பலிக்கும் என்று நொட்டையார் அவனைக் குறுக்கு விசாரணை செய்து பார்த்தார். தெரியலையே மாமா என்று அதற்கும் சிரித்தான். இது அவருக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

அவரை மாஸ்டர் துரத்திய அன்றே, வகுப்பிலிருந்த இரண்டு பேர் படிக்கட்டில் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார்கள்: பல் மருத்துவமனை வரவேற்பில் உட்காரும் பெண் ஒருத்தியும், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும். சரியாகச் சொல்வது எப்படி என்று அவர்கள் கேட்டார்கள். டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றபடியே சொல்லிக் கொடுத்தார். இரண்டு பேர் ஒன்பதாகி, ஒன்பது பேர் நாற்பதாகி, இப்போது கைபேசியில் ஒரு குழுவே நடக்கிறது. ஆளாளுக்குத் தங்கள் ஜபத்தைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். வேலை முடிந்து வந்ததும் நொட்டையார் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பன்னிரண்டாம் விநாடியில் க்ஷ உடைகிறது, நாற்பதில் மூச்சு வாங்குகிறது என்று பதில் எழுதுகிறார். அவர்களும் நன்றி ஐயா என்கிறார்கள். இருபத்தாறு வருடத்தில் குறை சொன்னதற்காக யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை.

வீட்டில் குறை சொல்ல அவருக்கு நேரமில்லை. மகள் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தபோது மருமகனின் கையெழுத்து, கோட்டுக்குக் கீழே இறங்கிப் போனது. பார்த்தார், பேசாமல் இருந்தார். மந்திரமும் சொல்லவில்லை.

போன வாரம் தபால்காரரிடமிருந்து ஒரு பதிவு வந்தது. நூற்றெட்டுத் தடவை, ஒரு சீராக, க்ஷ உடையாமல், மூச்சு வாங்காமல். நொட்டையார் நாலு தடவை கேட்டார். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி கேட்டார். மனிதருக்கு வியர்த்துவிட்டது. மனைவி என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று கையை அசைத்தார். கடைசியில் முகம் தெளிந்து, கைபேசியை எடுத்து எழுதினார்:

'பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்கிறது.'