வயிற்றின்மேல் வைத்த டம்ளர்

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்காமல் மக்கர் பண்ணினாலும் எங்கள் நைனாவைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சடக்கி அடிவரை முங்கிப் போய், குழாயின் வாயில் அடைத்த சேற்றையும் கந்தலையும் பிடுங்கிக்கொண்டு, கடைக்குப் போய் வந்தவர் மாதிரி மேலே வருவார். அப்படிப்பட்ட மனிதர் காஞ்சிபுரத்து ஸ்கேன் சென்டரில் மூச்சைப் பிடிக்க முடியாமல் ஃபெயிலாகித் திரும்பினார் என்றால் யார் நம்புவார்கள்? எட்டு வயதுப் பெண்ணான நானே நம்பவில்லை.

மாதக்கணக்காக விடாத இருமல். அதற்குத்தான் நெஞ்சு ஸ்கேன். படம் எடுக்கும்போது மூச்சு அசையக் கூடாதாம். நைனா ஒவ்வொரு முறையும் பாதியில் இருமிவிட, படம் கலங்கிப் போயிற்று. படம் எடுக்கும் அண்ணன் ஒரு வழி சொல்லி, வீட்டில் பழகிக்கொண்டு வரும்படி அனுப்பிவிட்டார். அந்தப் பாடத்தை நைனா பாயில் மல்லாந்து படுத்தபடி எனக்கு ஒப்பித்தார்.

"தோள தூக்கக் கூடாதாம்மே. வயிறுதான் ஏறணுமாம். ரெண்டு வாட்டி மெதுவா இழுத்து மெதுவா வுடணும். மூணாவது வாட்டி இழுத்து அப்டியே நிறுத்திக்கணும். முட்ட முட்ட இழுத்தா இருமல் வந்துடுமாம், முக்கா மூச்சு போதுமாம்."

வயிறு ஏறுகிறதா என்று பார்க்க அதன்மேல் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்தோம். அதைக் கண்காணிப்பது என் உத்தியோகம். டம்ளர் ஏறும், இறங்கும். மறுபடி ஏறும், இறங்கும். மூன்றாம் முறை ஏறி அப்படியே நிற்கும்.

முதல் நாள் அது விளையாட்டாகத்தான் இருந்தது. மறுநாள் பயம் பிடித்துக்கொண்டது. நின்ற டம்ளர் இறங்காமலே போய்விட்டால்? பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவரை நடுவீட்டில் கிடத்தியிருந்ததைச் சில நாள் முன்புதான் பார்த்திருந்தேன். கண்ணை மூடி, கையை நீட்டி, நைனாவும் அப்படியே கிடந்தார். "போதும் நைனா, வுட்டுடு" என்று கத்திவிடுவேன்.

"இன்னா அவசரம் உனுக்கு? கெணத்துல இத்தவுட எவ்ளோ நேரம் இருந்துகீறேன்" என்று சிரிப்பார். சிரிப்பு இருமலாகும், டம்ளர் உருண்டோடும். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் அம்மாவின் முகத்தில் ஈயாடாது.

மூச்சைச் சரியாகப் பிடித்துவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்றே நான் நினைத்திருந்தேன். பரீட்சையில் பாஸானால் அடுத்த வகுப்பு, அவ்வளவுதானே. அதனால் பயத்தை விழுங்கிக்கொண்டு கத்தாமல் இருக்கப் பழகினேன். அவர் மூச்சைப் பிடிக்கும்போது நானும் பிடித்துக்கொள்வேன். எனக்கு முட்டிக்கொண்டு வந்துவிடும், அவர் டம்ளர் அசையாமல் நிற்கும்.

இரண்டாம் முறை என்னையும் அழைத்துப் போனார்கள். கதவை மூடியதும் அதன்மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று உள்ளே ஒலிபெருக்கியில் குரல் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்து நானும் பிடித்தேன். இருமிவிடக் கூடாதே என்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். "விடுங்க" என்ற குரல் வருவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது.

அந்த அண்ணன் வெளியே வந்து, "சூப்பரா புடிச்சாரும்மா, படம் பளிச்சுனு வந்திருக்கு" என்றார். நான் குதித்தேன். நைனா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "ட்ரெயினிங் யாரு குடுத்தது?" என்று என் தலையில் தட்டினார்.

சாயங்காலம் டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நைனாவையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். பாஸானதற்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. படம் கலங்கலாக இருந்தவரை எங்கள் வீட்டில் இருந்தது வெறும் இருமல்தான் என்பதை அறிய எனக்கு இன்னும் வயதாக வேண்டியிருந்தது. அடுத்த பொங்கலுக்கு நைனா இல்லை.

அன்று வீடு திரும்பும் பஸ் மாகறல் தாண்டும்போது அவர் ஜன்னலோரம் தூங்கிப்போனார். கையில் டம்ளர் இல்லாததால் என் உள்ளங்கையை அவர் வயிற்றில் வைத்துப் பார்த்தேன்.

"பாரும்மா, நல்லா ஏறி எறங்குது. இனிமே பயமில்ல."

அம்மா என் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். ஊர் வரும்வரை எடுக்கவே விடவில்லை. ஏன் இப்படி அழுத்துகிறாள், கை வலிக்கிறதே என்று மட்டும்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.