பதினொரு சாமி படங்கள்

நான் இப்போது குடியிருப்பது ஒன்பதாவது மாடியில். இங்கே வெள்ளம் வரவேண்டுமானால் பினாங்குத் தீவு முழுதும் மூழ்கியாக வேண்டும். ஆனாலும் மழை அரைமணி நேரத்துக்கு மேல் பெய்தால் எழுந்து போய்க் கதவிடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வைக்கிறேன். மகள் சிரிக்கிறாள். அவளிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஜார்ஜ் டவுனில், பினாங்கு ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதியில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக எங்கள் வீடு இருந்தது. வாசலிலிருந்து ஆறு நூற்று நாற்பது அடி, என் காலால் அளந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால், கடல் எத்தனை மணிக்கு ஏறும், எப்போது இறங்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். மழை மட்டும் பெய்தால் ஆறு கடலுக்கு ஓடிவிடும். மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தால் ஆற்றுக்குப் போக வேறு இடமில்லை, எங்கள் வீட்டுக்கு வரும்.

வீட்டில் நால்வர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் கணவரை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவள். ஓர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை செய்தாள். எதைப் பார்த்தாலும் நான் எண்ணிக்கொண்டிருப்பேன் என்பதால் என்னைக் 'கணக்கப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று காலை வானம் கறுத்துக் கிடந்தது. கடல் ஏற்றம் பிற்பகல் மூன்றரைக்கு என்று அப்பா சொன்னதும் வீடு பரபரப்பானது. இரண்டு கட்டில்கள், எட்டுக் கால்கள், காலுக்கு மூன்று செங்கல். இருபத்து நான்கையும் சுமந்தவன் நான். அரிசி டின் மேசைமேல் ஏறியது. அலமாரியின் கீழ்த்தட்டுத் துணியெல்லாம் மேல்தட்டுக்குப் போனது. வாசலில் பலகையை நிறுத்தி, இடுக்கில் களிமண்ணை அப்பினார் அப்பா.

“மூணு கல்லு போதுமாண்ணே?” என்று கேட்டாள் அத்தை.

“போன தடவ முழங்காலுக்குத்தான வந்துச்சு. போதும் லா.”

“ஆமா, உங்க தங்கச்சி காலா, உங்க காலான்னு தண்ணி கேட்டுக்கிட்டுத்தான் ஏறும்,” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

வேலைக்குக் கிளம்பும்போது அத்தை என்னைச் சாமி படங்களின் கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

“கணக்கப்பிள்ள, படம் மொத்தம் எத்தன?”

“பதினொன்னு.”

“தண்ணீர்மலைக் கோயில்ல வாங்குன முருகன் எது?”

“அஞ்சாவது.”

“அதோட பின்னட்டைக்குள்ள என் பொறப்பு சூரா இருக்கு. போன வெள்ளத்துல பொட்டியெல்லாம் நனைஞ்சிச்சு, செவுத்துல இருந்தது ஒன்னும் நனையல. அதான் அங்க சொருகிட்டேன். உங்கப்பாகிட்ட சொல்லாத, சாமி முதுகுலயா காகிதம் வெப்பேன்னு கத்துவாரு. நீ பாத்துக்க.”

அந்தப் பிறப்புப் பத்திரத்தின் மதிப்பு எனக்கு அரைகுறையாகத் தெரியும். அப்பாவிடம் இருந்தது குடியுரிமை உள்ளவர்களின் நீல அடையாளக் கார்டு. அத்தையிடம் இருந்தது சிவப்பு. அதை நீலமாக மாற்ற, இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டும். அடுத்த திங்கட்கிழமை பதிவு ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று மணிக்கே தண்ணீர் பலகையைத் தாண்டியது. நாற்பது நிமிடத்தில் கட்டிலைத் தொட்டது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார், அம்மா அரிசியைத் தூக்கிக்கொண்டாள். மேட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்று இரவுகள் தங்கினோம். அத்தையால் ஆஸ்பத்திரியை விட்டு வரமுடியவில்லை.

நான்காம் நாள் திரும்பியபோது சுவரில் சேற்றுக் கோடு இருந்தது. பள்ளி அடிக்கோலால் அளந்தேன். ஐந்தடி இரண்டு அங்குலம். சாமி படங்கள் மாட்டியிருந்தது நாலரை அடியில். எல்லாம் ஆணியிலிருந்து மிதந்து கழன்று, கண்ணாடி உடைந்து, சேற்றில் கிடந்தன. எது லட்சுமி, எது பிள்ளையார் என்று தெரியாதபடி எல்லாருக்கும் ஒரே முகம்.

“ஒடஞ்ச சாமிய வீட்டுல வெக்கக் கூடாது,” என்றாள் அம்மா. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். அப்படிப்பட்ட படங்களை ஆற்றுமுகத்து மரத்தடியில் கொண்டுபோய் வைப்பார்கள், ஏறும் கடல் எடுத்துக்கொள்ளும்.

நான் அதுவரை அறுபத்து மூன்று வாளி சேறு அள்ளியிருந்தேன். அறுபத்து நான்காவதிலிருந்து தப்பிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. “நான் போறேன்பா,” என்றேன். அப்பா படங்களைக் கோணிச் சாக்கில் போட்டுத் தந்தார்.

“வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும். தெரியுதா?”

மரத்தடியில் ஏற்கெனவே பல வீட்டுச் சாமிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி வைத்தேன். சரியாகப் பதினொன்று. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கணக்குச் சரியாக இருந்ததில் பெருமைகூட இருந்தது.

பாலத்தருகே ஒரு சீனத் தாத்தா தம் வீட்டு வாசலில் கொடி கட்டி, நனைந்த காகிதங்களைத் துணி கிளிப்பில் மாட்டி உலர்த்திக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்துச் சிலேட்டைப் போலத் தட்டையாக நீவிவிட்டார். என் கால்கள் நின்றுவிட்டன. முருகன் படம், பின்னட்டை.

மரத்தடியிலிருந்து அதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு அடிதான் நடந்திருந்தேன். கடல் ஏற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. திரும்பியிருக்கலாம். திரும்பிப் பார்த்தால் வீட்டுக்கு ஆகாது என்ற பயம் உண்மைதான். ஆனால் அது மட்டுமில்லை. திரும்பிப் போய் எடுத்துவந்தால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அப்பா கேட்பார். அவர் இடுப்பில் இருந்த பெல்ட் எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் அறுபத்து நான்காவது வாளியை எடுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். மரத்தடியில் கண்ணாடித் துண்டுகள் மட்டும் கிடந்தன.

அன்று மத்தியானம் அத்தை வந்தாள். வெறும் சுவரைப் பார்த்தாள்.

“சாமியெல்லாம் எங்க, கணக்கப்பிள்ள?”

“ஆத்துல விட்டாச்சு.”

“எத்தன?”

“பதினொன்னும்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேறு அள்ளக் குனிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டார். “நாளைக்கு ஆபீசுக்குப் போவணுமே. சூரா எங்க வெச்ச?”

நான் சுவரோரம் நின்றேன்.

“எங்க வெச்சேன்னே மறந்துபோச்சிண்ணே. பொட்டியிலதான் வெச்சிருப்பேன் போல. கரைஞ்சிருக்கும்.”

அப்பா கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அத்தை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் உண்மையிலேயே மறந்துவிட்டாள் என்று நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அத்தை பிறந்தது சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அப்பா அங்கே நான்கு முறை போய் வந்தார். ஜப்பான்காரன் காலத்துக்கு முந்திய புத்தகம் எதுவும் தோட்டத்து ஆபீசில் இல்லை. பிறகு, சிவப்புக் கார்டுக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்றானது. அத்தைக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. தான் ஒருநாளும் பார்த்திராத இந்தியாவுக்கு அவள் கப்பல் ஏறினாள். அங்கிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றாவது வேறு யாரோ எழுதியது. அப்பா அதைப் படித்துவிட்டு, “ஒரு காகிதத்தால போச்சு,” என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் கப்பல் ஏறிய நாளில், துறைமுகத்தில் அவளுடைய பாயை நான்தான் தூக்கிக்கொண்டு நின்றேன். அழுகையை மறைக்க அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வழி திட்டுவதுதான்.

“ஒரே ஒரு காகிதம். அத பத்தரமா வெக்கத் தெரியலயே ஒனக்கு. எல்லாம் ஒன் மறதியால வந்தது.”

“ஆமாண்ணே. எனக்கு மறதிதான்,” என்றாள் அத்தை. என் கையிலிருந்து பாயை வாங்கிக்கொண்டு, அவிழ்ந்திருந்த என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். “கெணத்துல போட்ட கல்லு மாதிரி நிக்கிற? போய்ப் பாடத்தப் படி, போ.”

பெரியவர்களுக்கு இவ்வளவு மறதி ஆகாது என்று நினைத்துக்கொண்டு, கப்பலின் வட்ட ஜன்னல்களை எண்ண ஆரம்பித்தேன்.