இன்ஜின் அறைக்கு இரண்டு வழி

கங்கைக் கரையில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் பரிசோதகராக இருந்தவள் நான். கடற்படைக்குக் கட்டும் ரோந்துப் படகுகளுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரக் கூடாது. அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய படகு ஒன்றை, வயதாகிவிட்டது என்று அந்தமான் பக்கம் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். ஆழத்தில் இறங்கி நீந்துகிறவர்கள் சுற்றிப் பார்ப்பதற்காம். கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாததற்கு என் மகளே அதைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

இறங்குகிற அன்று காலை, ஜாதவ்பூர் வீட்டில் நான் அடுப்பில் பால் வைத்திருந்தபோது கூப்பிட்டாள்.

“அம்மா, இன்ஜின் ரூமுக்கு ரெண்டு வழி உண்டுதானே?”

“உண்டு. ஏணி ஒண்ணு, பின்னாடி எமர்ஜென்சி வழி ஒண்ணு. நானே ஏறிப் பார்த்திருக்கேன்.”

எத்தனை வருஷம் கழித்து ஒருத்தர் என்னிடம் இதையெல்லாம் கேட்கிறார்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. “தாருண்!” என்று, அதாவது பிரமாதம் என்று, தமிழைவிட அவளுக்கு நன்றாக வரும் பெங்காலியில் குதித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

பால் பொங்கும்போதுதான் உறைத்தது. அந்த அவசர வழியில் நான் ஏறியது உண்மை. ஆனால் முதுகில் எதுவும் இல்லாமல் ஏறினேன். அப்போதே இரண்டு தோளும் இரும்பில் உரசின. சிலிண்டர் கட்டிய ஆள் அதில் பாதியிலேயே சிக்கிக்கொள்வார்.

திரும்பக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். ‘பின்வழியில் போகாதே’ என்று செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. அழைத்துப் போனவர்களின் ஆபீஸிலும் யாரும் எடுக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? கோயில் பக்கமே போகாத நான், காளிகாட் காளி இருப்பது எந்தத் திசை என்று ஜன்னலில் நின்று தேடினேன். பயத்தில் அதுகூடப் பிடிபடவில்லை.

மதியம் போன் வந்தது. குரலில் கோபம்.

“அந்த கைடு இன்ஜின் ரூம் பக்கமே விடலைம்மா. அந்த வழி ஆகாதுன்னு ஒரே பிடிவாதம். எங்கம்மா செக் பண்ணின கப்பல், அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நல்லா சண்டை போட்டேன்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“அவர் சொன்னதுதான் சரி. நான் தப்பாச் சொல்லிட்டேன்,” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.



“நாளைக்கும் இறங்கறோம்மா,” என்றாள் மெதுவாக. “எங்கெல்லாம் போகக் கூடாதுன்னு சொல்லு.”