சுடுதண்ணி வரி

லண்டனில், மிச்சம் என்கிற ஊர்ப் பக்கம் போகும் டிராமில் அவர் என் எதிரே இருந்தார். செக்யூரிட்டி வேலைக்கான கறுப்பு ஜாக்கெட். வாசிக்கும்போது வரிக்குக் கீழே சுட்டுவிரலை நகர்த்தும் பழக்கம். மடியில் இருந்த தமிழ்ச் சஞ்சிகையில், எனக்கு மிகப் பிடித்த சிறுகதை.

அம்மாவின் செத்தவீட்டை, வேலையிடத்துக் கழிவறையில் நின்று போனில் பார்க்கிற ஒருவனின் கதை அது. பார்த்து முடித்ததும் கை கழுவுகிறான். தண்ணீர் கொதிக்கிறது. அவன் கையை எடுக்கவில்லை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன எழுத்து அண்ணை! அழுதான் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. அந்தச் சுடுதண்ணி ஒண்டே போதும்."

"ஓம், நல்லாத்தான் எழுதியிருக்கிறான்." விரல் அந்த வரியிலேயே நின்றது. "அது என்ரை அம்மா. நானும் அவனும் ஒரே அறையில இருந்தனாங்கள். உன்னோட இருக்கட்டும் எண்டுதான் இதை அவனுக்குச் சொன்னனான். கட்டிப்பிடிச்சு அழுதவன். பிறகு, தண்ணி சுட்டதோ குளிர்ந்ததோ எண்டு கேட்டவன். அக்கறையில கேக்கிறான் எண்டு நினைச்சன்."

அடுத்த தரிப்பில் இறங்கிப் போய்விட்டார். சஞ்சிகை இருக்கையிலேயே கிடந்தது.

வீட்டில் என்னிடமுள்ள பிரதியில் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தேன். அன்று அழிறப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரி அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. அழிக்கவில்லை.