பல்லில் கவ்விய பறி

நாவலுக்காக இடம் பார்க்க வந்திருக்கிறேன் என்று அந்த ஆள் சொன்னதும் கன்னியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பொய்க் கததான சார்? அதுக்கு இன்னாத்துக்கு நெஜ எடம்?" என்று கேட்டேவிட்டாள். இரண்டாயிரத்து இரண்டு, மாசி வெயில். மயிலாப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி கத்திவாக்கம் வந்திருந்த எழுத்தாளர் ரகுபதி அசடு வழிந்தார். பாவம், நல்ல மனுஷன்.

கழிமுகத்துத் தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதுதான் பதினைந்து வயதிலிருந்து அவள் பிழைப்பு. பிடித்ததைப் போட ஓலைப் பறி. கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வாள். ரகுபதியோ, தன் கதாநாயகி இறால் தடவிக்கொண்டே பாடுவதாக எழுதிவைத்திருந்ததைப் படித்துக் காட்டினார்.

"வாயில பறி கீது, எப்டி சார் பாடுவா?"

மனுஷன் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டார். கன்னியம்மாவுக்கு ஒரே குஷி. இன்னும் கேளு, கேளு என்றாள்.

"யாராவது பள்ளத்துல சிக்கிட்டா, எப்படிம்மா கூப்பிடுவீங்க?"

அவளுக்குத் திக்கென்றது. நாலு வருஷத்துக்கு முன்னால், யாரோ மண் அள்ளிவிட்டுப் போன பள்ளத்தில் சிநேகிதி செங்கொடி முழுகியபோது, பத்தடி தள்ளி இருந்தவள் இவள்தான். கத்த வேண்டுமென்றால் பறியை விட வேண்டும். அன்றைக்குப் பார்த்து நிறைந்த பறி. வாய் திறக்கவில்லை, சண்டாளி! அதற்குள் படகில் வந்தவர்கள் செங்கொடியைத் தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் வாசலை இவள் மிதிக்கவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மிதிப்பாள்?

செங்கொடி தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல் நாலு வருஷம் மண்டை குடைந்ததுதான் மிச்சம். இன்றைக்குக் கேட்டுவிடலாம், கேட்பதற்கும் ஓர் ஆள் வந்திருக்கிறார்.

"அத்த எங்கிட்ட கேக்காத சார். மூணு வூடு தள்ளி முழுகினவளே கீறா. வா."

ரகுபதியை முன்னால் அனுப்பிவிட்டு, கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

"முழுகும்போது யாரையாவது கூப்பிட்டீங்களாம்மா?"

"எப்டி சார் கூப்டுவேன்?" என்றாள் செங்கொடி. "முழுகறப்ப கூட நான் பறிய வுடலியே! தூக்கினவங்கதான் பல்லுலேர்ந்து புடுங்கினாங்க." பிறகு கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "இன்னாமே அங்கயே நிக்கற? நாலு வருசமா சுத்திகினு போறியே, கால் வலிக்கல? உள்ள வா."

கன்னியம்மா வாய்விட்டு அழுதாள்.